உருளைக்குள் ஒரு சட்டை

அன்றைக்குக் காலையில் புருஷனும் பெண்டாட்டியும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. அவனுடைய அக்கா தன் மூன்று பிள்ளைகளோடு வந்து பள்ளி விடுமுறை முழுக்கத் தங்கப்போகிறாள் என்கிற சேதி அவன் வாயால் அவளுக்கு வரவில்லை. அந்த அக்காவே போன் பண்ணி, "என்ன சோப்பு வாங்கி வச்சிருக்க? சின்னவனுக்கு எல்லா சோப்பும் ஒத்துக்காது" என்று கேட்டபோதுதான் தெரிந்தது.

"இருக்கிறது ரெண்டே ரூம். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வாயில இருக்கிற முத்து உதிர்ந்துடுமா?" என்று கேட்டாள்.

"என் அக்கா என் வீட்டுக்கு வர்றதுக்கு நான் யார்கிட்ட உத்தரவு வாங்கணும்?" என்றான் அவன்.

அதோடு பேச்சு நின்றது. அவள் அவனுடைய சாப்பாட்டு டப்பாவை மேசைமேல் டொக்கென்று வைத்தாள். அவன் அதைத் தொடாமலே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினான். ஒரே பஸ்ஸில்தான் போனார்கள். அவன் முன்பக்கம் நின்றான், அவள் பின்பக்கம் உட்கார்ந்தாள்.

இரண்டு பேருக்கும் ஒரே இடத்தில்தான் வேலை. வெள்ளைச் சுண்ணாம்புக் கல்லை அரைத்துப் பவுடராக்குகிற ஆலை. கல் லாரியில் வந்து இறங்கும்போது கற்கண்டைக் கொட்டிவைத்ததுபோல இருக்கும். கறைபட்ட கல்லைப் பொறுக்கி எறிந்துவிட்டு மிச்சத்தை முதலில் உடைப்பார்கள். அப்புறம் அது பெரிய உருளைக்குள் போகும். ஒரு ஆள் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே நடமாடலாம், அவ்வளவு பெரிசு. உள்சுவர் முழுக்க வெள்ளைப் பீங்கான் கல் பதித்திருக்கும். பாதி உயரத்துக்கு அதே மாதிரி வெள்ளைக் குண்டுகள், கைக்கு அடக்கமானவை, ஆயிரக்கணக்கில். உருளை சுழலும்போது குண்டுகள் மேலே ஏறி ஏறிக் கீழே விழும். அந்த அடியில் கல் மாவாகும். அதைக் காற்று உறிஞ்சிக்கொண்டுபோய்ச் சலித்துத் தரும். முகத்துக்குப் போடுகிற பவுடர்கூட அதற்கு முன்னால் கொரகொரப்புதான். பெயிண்ட், பிளாஸ்டிக் குழாய், டயர், காகிதம் என்று அது போகாத இடமில்லை. வெள்ளைக்குத்தான் விலை. இரும்பு உரசினால் நிறம் மங்கிவிடும் என்றுதான் உள்ளே பீங்கான்.

அவளுக்கு மாடியில் கண்ணாடி அறை. அங்கேயிருந்துதான் ஆலையை ஓட்டுவதும் நிறுத்துவதும். எல்லாருக்கும் அவள் பேனல் அக்கா. அவன் ஃபிட்டர், கீழே எது கழன்றாலும் தேய்ந்தாலும் அவனைத்தான் தேடுவார்கள்.

உருளைக்குள் இறங்குகிறவன் மெயின் சுவிட்சில் தன் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் ஜேபியில் வைத்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். இது ஆலையின் சட்டம். புருஷன் பெண்டாட்டிக்குள் இன்னொரு சட்டம் இருந்தது. பூட்டு எடுத்தாயிற்று, ஓட்டலாம் என்று யார் சொன்னாலும் அவள் அவனுக்குப் போன் அடித்து, "எங்க இருக்கீங்க?" என்று கேட்ட பிறகுதான் பட்டனை அமுக்குவாள். "உன் கண்ணு முன்னாடிதான்" என்று அவன் கீழேயிருந்து கையை ஆட்டுவான். "மில்லு ஓடணும்னா முதல்ல இவங்க காதல் வசனம் ஓடணும்" என்று மற்றவர்கள் கேலி பண்ணுவார்கள்.

அன்றைக்கு ஆலை நின்றிருந்தது. உருளையின் ஒரு ஓரத்தில் பீங்கான் கற்கள் தேய்ந்துபோனதால், ஃபிட்டரும் அவன் கூட்டாளி நெட்டையும் உள்ளே உட்கார்ந்து புதுக் கல் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். வெளியில் ஒரு பெயிண்ட் கம்பெனி லாரி காலையிலிருந்து பவுடருக்காகக் காத்துக்கிடந்தது. அந்தக் கம்பெனிக்காரன் மேனேஜருக்குப் போன்மேல் போன் போட்டு உயிரை வாங்கிக்கொண்டிருந்தான்.

சாப்பாட்டு நேரம் முடிந்து அவள் மாடிக்கு வந்தபோது மேனேஜர் அங்கேயே நின்றிருந்தார். சட்டைக் காலர் நனைந்திருந்தது.

"எல்லாம் முடிஞ்சுதும்மா. மூடியைப் போட்டு போல்ட் எல்லாம் முறுக்கியாச்சு. ஆனா உன் வீட்டுக்காரர் பூட்டு தொங்குது. ஆளைக் காணோம்."

"எனக்குத் தெரியாது சார்."

"போன் எடுக்க மாட்டேங்கிறாரு. முன்னாடி ஒரு தடவை பூட்டைப் போட்டுட்டு சாவியோட வீட்டுக்குப் போய் நம்ம உசிரை எடுத்தாரே, அந்த மாதிரியா?"

அவளுக்கு வீட்டில் மேசைமேல் கிடந்த டப்பா நினைவுக்கு வந்தது. காலையில் வீம்புக்கு விட்டுவிட்டு வந்தவருக்கு மதியம் வயிறு கேட்டிருக்கும். யாருடைய வண்டியிலாவது தொற்றிக்கொண்டு போயிருப்பார்.

"வீட்டுக்குச் சாப்பிடப் போயிருப்பாரு" என்றாள்.

"அதானே பார்த்தேன்!" மேனேஜர் படியில் தடதடவென்று இறங்கினார். கண்ணாடி வழியாக அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். நீளக் கைப்பிடி வைத்த கத்திரியை ஒருவன் கொண்டுவந்தான். பூட்டு கழுத்து அறுந்து தரையில் விழுந்தது. மேனேஜர் மேலே பார்த்து, ஓட்டு ஓட்டு என்று கையைச் சுழற்றினார்.

அவள் போனைக் கையில் எடுத்தாள். கட்டைவிரல் அவன் பேருக்குமேல் நின்றது. நான் ஏன் முதலில் பேச வேண்டும், அவராகப் பேசட்டுமே என்று தோன்றியது. போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பட்டனை அமுக்கினாள்.

ஆலை ஓடப்போகிறது என்கிற எச்சரிக்கை மணி அடித்தது. உருளை முனகிக்கொண்டு அசைந்தது. பிறகு குண்டுகள் ஏறி விழத் தொடங்கின. அந்தச் சத்தத்தை அவள் தினமும் கேட்கிறவள். மழைச் சத்தம் மாதிரி அது அவளுக்குக் காதிலேயே விழாது. மஞ்சள் விளக்கு பச்சையாவதைப் பார்த்தாள். கண்ணை எடுத்துக் கீழே பார்த்தபோது, வாசல்பக்கமிருந்து நெட்டை ஓடிவந்துகொண்டிருந்தான். கையில் இருந்த பசை டின்னைத் தூக்கி எறிந்தான். வாய் அகலமாகத் திறந்திருந்தது. அவன் கத்துவது ஆலைச் சத்தத்தில் கேட்கவில்லை. இரண்டு கையையும் தலைக்குமேல் குறுக்கே அசைத்தான். பிறகு உருளையைக் காட்டினான். பிறகு தன் நெஞ்சைத் தொட்டுவிட்டு, உன் ஆள் என்பதுபோல அவளைக் காட்டினான்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. சிவப்புப் பட்டனை உள்ளங்கையால் ஓங்கி அறைந்தாள். அப்புறமும் கையை எடுக்காமல் அதையே அழுத்திக்கொண்டு நின்றாள், விட்டால் மறுபடி ஓடிவிடும் என்பதுபோல.

உருளை சட்டென்று நிற்காது. இரண்டு சுற்று சுற்றி, தொட்டில்போல முன்னும் பின்னும் ஆடி, அப்புறம்தான் அடங்கும். 

"அண்ணன் உள்ள இருந்தாரு! நான் பசை வாங்கப் போறப்போ உள்ளதான்யா இருந்தாரு! எந்தப் பாவி மூடியைப் போட்டான்?" நெட்டையின் குரல் இப்போது ஆலை முழுக்கக் கேட்டது.

மூடி போட்ட இரண்டு பேரும் சுவரோரம் ஒடுங்கினார்கள். "உள்ள லைட் எரியலை... சத்தமும் இல்லை... சார்தான் எல்லாரும் வெளிய வந்தாச்சுன்னாரு..."

அவள் எப்படிப் படி இறங்கினாள் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. செருப்பு ஒன்று படியிலேயே நின்றுவிட்டது.

மூடி இருந்த பக்கம் உருளைக்கு அடியில் போய் நின்றிருந்தது. அதை மேலே கொண்டுவந்தால்தான் திறக்க முடியும். அதற்கென்று மெதுவாகச் சுற்றுகிற சின்ன மோட்டார் ஒன்று உண்டு. மேனேஜரின் முகம் கல்லைவிட வெளுத்திருந்தது. "மேல போம்மா. சின்ன மோட்டாரைப் போடு. மெதுவா, மெதுவா."

"இன்னொரு தரமா?" என்றாள் அவள்.



நெட்டை சங்கிலியை இழுத்துவந்து உருளையைச் சுற்றியிருந்த பல்சக்கரத்தில் மாட்டினான். ஏழெட்டுப் பேர் கையால் இழுத்தார்கள். உருளை விரற்கடை விரற்கடையாகத் திரும்பியது. ஒவ்வொரு இழுப்புக்கும் உள்ளே குண்டுகள் சரிந்தன. நாலைந்து குண்டு உருண்டு ஓடி எதன்மேலோ மோதி நிற்கிற சத்தம். எதன்மேல் என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. "இழு... நிறுத்து... இழு" என்று சொல்லிக்கொண்டிருந்த நெட்டையின் குரல் பாதியில் உடைந்துபோனது. வேறொருவன் அதை எடுத்துக்கொண்டான்.

அவள் உருளையின் இரும்பில் காதை வைத்தாள். இரும்பு வெதுவெதுப்பாக இருந்தது.

"என்னங்க" என்றாள்.

கல்யாணமான நாள்முதல் அவள் அவனைக் கூப்பிடுகிற வார்த்தை அதுதான். அடுப்படியிலிருந்தும் பஸ்ஸுக்குள்ளிருந்தும் தூக்கக் கலக்கத்திலும் அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறாள். இப்போது இரும்பைப் பார்த்துக் கூப்பிட்டாள். "என்னங்க... நான்தான். என்னங்க!" உள்ளேயிருந்து இன்னும் இரண்டு குண்டு உருண்டது. ஒருவன் ஃபிட்டருடைய போனுக்கு அடித்துப் பார்த்தான். தொடர்பு கொள்ள முடியவில்லை என்று ஒரு பெண்குரல் நிதானமாகச் சொன்னது. அவன் அவசர அவசரமாக அதை அணைத்தான்.

மூடி மேலே வந்தது. போல்ட்டுகளைக் கழற்றியவன் கையிலிருந்து ஸ்பேனர் வழுக்கி வழுக்கி விழுந்தது. மூடியைத் தூக்கியதும் உள்ளேயிருந்து வெள்ளைப் புழுதி, பானையைத் திறந்தால் ஆவி வருவதுபோல எழுந்தது. நெட்டை யாரையும் கேட்கவில்லை. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு உள்ளே இறங்கினான். குண்டுகளை வாரித் தள்ளுகிற சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது.

"சட்டை" என்றான் உள்ளேயிருந்து. அவ்வளவுதான் சொன்னான்.

துளை வழியாக அவன் கை வெளியே வந்தது. கையில் ஒரு துணி. நீலச் சட்டையாக இருந்தது அது. முந்தாநாள் அவள் துவைத்துப் போட்டது. இப்போது நிறமே இல்லை. ஒரு கை கிழிந்து நூலில் தொங்கியது. ஜேபியில் போன் இருந்த இடத்தில் கறுப்புத் தூளும் கண்ணாடிச் சில்லும். யாரும் அதை வாங்க முன்வரவில்லை. அவள்தான் போய் வாங்கினாள். ஒரு உதறு உதறினாள். மாவு பறந்தது. தோள்பட்டைகளைச் சேர்த்துப் பிடித்தாள், நடுவில் மடித்தாள், இருந்த ஒரு கையை உள்ளே மடக்கினாள், மறுபடி மடித்தாள். கொடியிலிருந்து எடுத்த துணியை மடிக்கிற மாதிரி அவ்வளவு கவனமாக மடித்தாள். அதைப் பார்க்கமுடியாமல் கல் பொறுக்குகிற பெண் ஒருத்தி ஓவென்று அழ ஆரம்பித்தாள். மடித்தவளுக்கு அழுகை வரவில்லை. ஓரம் சரியாக வரவில்லையே என்று பிரித்து இன்னொரு முறை மடித்தாள்.

உள்ளே குண்டுகள் உருளுகிற சத்தம் வேகமானது. "ஆள் இல்லை!" என்று நெட்டை கத்தினான்.

"நல்லாப் பாருடா" என்றார் மேனேஜர்.

"எல்லாத்தையும் தள்ளிப் பார்த்துட்டேன் சார்! ஆளும் இல்லை, ஒரு சொட்டு ரத்தமும் இல்லை! இந்த வெள்ளையில ஒரு பொட்டு சிவப்பு இருந்தாலும் கண்ணுல அடிக்காதா?"

எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சந்தோஷப்படுவதா என்றுகூட யாருக்கும் தெரியவில்லை. ஆள் இல்லையென்றால் எங்கே போனான்? மாவாகிக் காற்றோடு போய்விட்டானா? அப்படி ஒரு நினைப்பு அங்கே நின்ற எல்லாருக்கும் வந்தது என்று பிறகு பேசிக்கொண்டார்கள். சிலபேர் மேலே போகிற காற்றுக்குழாயை நிமிர்ந்துகூடப் பார்த்தார்கள்.

அப்போதுதான் காலிச் சாக்கு அடுக்கி வைத்திருக்கும் கொட்டகைப் பக்கமிருந்து பனியனோடு ஒரு ஆள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தான். கன்னத்தில் சாக்கின் பின்னல் அச்சாகப் பதிந்திருந்தது.

"என்னடா கூட்டம்? மூடியை யார் திறந்தது? பசை இன்னும் காயவே இல்லையே" என்றான் ஃபிட்டர்.

மூடி போட்ட இருவரில் ஒருவன் வீலென்று கத்திவிட்டு வெளியே ஓடினான். மேனேஜர் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டார். நெட்டை துளை வழியாகத் தலையை நீட்டி, மாவு படிந்த முகமும் கையில் டார்ச்சுமாக அப்படியே நின்றான். 

அவள் மட்டும் நடந்து போனாள். ஒரு காலில் செருப்பில்லாததால் விந்தி விந்தி நடந்தாள். அவன் எதிரில் நின்று அவன் வலது தோளைத் தொட்டாள், பிறகு இடது தோளை. கையைத் தூக்கி விரல்களைப் பார்த்தாள். திருப்பி உள்ளங்கையைப் பார்த்தாள்.

"சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.

அவனுக்கு இன்னும் காலைச் சண்டை முடியவில்லை. "இல்லை" என்றான் விறைப்பாக.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நடந்தது இவ்வளவுதான். நெட்டை பசை வாங்கப் போனதும், உள்ளே பசை நெடி தாங்காமல் ஃபிட்டருக்குத் தலை கனத்தது. முட்டிக்கு அடியில் மடித்துப் போட்டிருந்த சட்டையை அங்கேயே விட்டுவிட்டு, விளக்கை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். திரும்பவும் இறங்கப் போகிறவன்தானே என்று பூட்டை எடுக்கவில்லை. கொட்டகையில் காற்று வரும், ஐந்து நிமிஷம் சாயலாம் என்று போய்ச் சாக்குமேல் படுத்தான். வயிற்றில் ஒன்றுமில்லை, முந்தின இரவு தூக்கமுமில்லை, கண் சொருகிவிட்டது. ஆலையில் சேர்ந்த நாளாக ஒரு தடவைகூட வேலை நேரத்தில் கண்ணயராத மனுஷன்.

மேனேஜருக்கு உயிர் திரும்பி வந்தது. முதலில் சிரித்தார். கைக்குட்டையால் கழுத்தெல்லாம் துடைத்துக்கொண்டு சிரித்தார். ஃபிட்டரைக் கட்டிப்பிடித்து முதுகில் தட்டினார். எல்லாருக்கும் டீ கொண்டுவரச் சொன்னார். டீ குடித்து முடிப்பதற்குள் முகம் மாறிவிட்டது.

"ஆமா, டூட்டி நேரத்துல தூக்கமா?" என்றார்.

ஃபிட்டர் தலையைச் சொறிந்தான். "தப்புதான் சார். தலை சுத்திச்சு..."

"நீ உன் இடத்துல ஒழுங்கா இருந்திருந்தா இவ்வளவு கலாட்டா நடந்திருக்குமா? சொல்லு."

"இருந்திருந்தா செத்திருப்பாரே சார்!" என்றான் நெட்டை.

"அது வேற விஷயம்" என்றார் மேனேஜர். அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. "முதலாளியம்மா வந்து ஒரு முடிவு சொல்ற வரைக்கும் நீ வேலைக்கு வராதே. சரி, எல்லாரும் இடத்துக்குப் போங்க. லாரி நிக்குது. மூடியைப் போடுங்க. பேனல், மேல போம்மா."

அவள் தரையிலிருந்து எழுந்திருக்கவில்லை. "நான் அமுக்க மாட்டேன்" என்றாள்.

"அதான் ஒண்ணும் ஆகலையேம்மா!"

"நான் அமுக்க மாட்டேன் சார். யார் வேணும்னாலும் போய் அமுக்குங்க."

ஒருவரும் அசையவில்லை. "ஒரு பட்டனை அமுக்க இவ்வளவு பெரிய ஆள் வேணுமா?" என்று மேனேஜரே படியேறினார். கண்ணாடிக்குப் பின்னால் அவர் நிற்பது கீழேயிருந்து நன்றாகத் தெரிந்தது. கையை நீட்டினார். நீட்டியவர் ஜன்னலைத் திறந்து, "உள்ள யாரும் இல்லையே?" என்று கேட்டார். இல்லை என்றார்கள். மறுபடி கையை நீட்டினார். மறுபடி ஜன்னலுக்கு வந்தார். "எதுக்கும் திறந்து ஒரு தடவை பாருங்களேன்." திறந்தார்கள்; பார்த்தார்கள்; மூடினார்கள். மூன்றாம் முறை அவர் கையை நீட்டியபோது, கீழே நின்ற அத்தனை பேரும் அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெகுநேரம் நின்றார். பிறகு அங்கிருந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். அன்றைக்கு ஆலை ஓடவில்லை. லாரி காலியாகவே திரும்பிப் போனது.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அவன் சிரித்துக்கொண்டே வந்தான். "அவன் ஓடின ஓட்டத்தைப் பார்த்தியா? பேயைக் கண்ட மாதிரி! நெட்டையோட மூஞ்சி ஒண்ணே போதும்..." பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரரிடம்கூடக் கதையைச் சொன்னான்.  அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்த கையை எடுக்கவே இல்லை. டிக்கெட் வாங்க அவன் கையை விடுவித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் காலையில் கட்டிவைத்த டப்பாவைத் திறந்து, கெட்டுப்போயிருந்ததைக் கொட்டிவிட்டு, புதிதாகச் சமைத்துப் போட்டாள். அவன் நன்றாகத்தான் சாப்பிட்டான். "இந்தப் பசிக்குக் கல்லைத் தின்னாலும் செரிக்கும் போல இருக்கு" என்றான். பிறகு குளிக்கப் போனான்.

தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. நின்றது. அப்புறம் சத்தமே இல்லை. அவள் கதவைத் தட்டினாள். பதில் இல்லை. தள்ளித் திறந்தாள்.

அவள் பையிலிருந்து எடுத்து வாளிக்குள் போட்டிருந்த சட்டையை அவன் கையில் வைத்திருந்தான். ஈரத்தில் மாவெல்லாம் போய்ப் பழைய நீலம் திரும்பியிருந்தது. பொத்தான்கள் இருந்த இடத்தில் வெறும் நூல் முடிச்சுகள். முதுகுப் பக்கம் சல்லடைக் கண்ணாகத் துளைகள். அவன் சுவரில் சாய்ந்தபடி, ஈரத் தரையில் உட்கார்ந்திருந்தான்.

"முதுகுல... பாரு... முதுகுலதான் நிறைய" என்றான். பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது. "நான் குனிஞ்சு ஒட்டிக்கிட்டு இருந்திருப்பேன்ல. மணி அடிச்சிருக்கும். மூடியைப் பார்த்திருப்பேன். அது மூடிக்கிடந்திருக்கும்."

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். துண்டால் அவனைப் போர்த்தினாள். அவன் அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினான். அவன் அழுது அவள் பார்த்ததில்லை. அப்போது சொல்லியிருக்க வேண்டாம்தான். வேறு யாராக இருந்தாலும் இன்னொரு நாள் சொல்லிக்கொள்ளலாம் என்று விழுங்கியிருப்பார்கள். அவளால் முடியவில்லை.

"நான் போனைக் கையில எடுத்தேன்" என்றாள். "உங்க பேரு மேல விரலை வச்சேன். நீங்களே முதல்ல பேசட்டும்னு கவுத்து வச்சுட்டேன். வீட்டுக்குச் சாப்பிடப் போயிருப்பாருன்னு சார்கிட்ட சொன்னதும் நான்தான்."

அவன் முகத்தைத் தூக்கி அவளைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். எழுந்து, சட்டையைப் பிழிந்து ஆணியில் மாட்டிவிட்டு வெளியே போய்விட்டான். திரும்பி வந்தபோது இருட்டியிருந்தது. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான்.

மறுநாள் முதலாளியம்மா வந்தார். தடித்த உடம்பு, மெல்லிய குரல். யாரையும் உட்காரச் சொல்லவில்லை, தானும் உட்காரவில்லை. நேரே உருளைக்குப் போய்த் துளையில் தலையை விட்டுப் பார்த்தார்.

"உள்ள இருந்து கத்தினா வெளிய கேக்குமா?"

"மோட்டார் ஓடறப்போ இடி விழுந்தாலும் கேக்காதும்மா" என்றான் நெட்டை.

தலையை வெளியே எடுத்தபோது அவர் புருவத்தில் மாவு ஒட்டியிருந்தது. துடைக்கவில்லை. "பூட்டை வெட்டச் சொன்னது யாரு?"

"எல்லாரும் சேர்ந்துதாம்மா... அவர் வீட்டம்மாவே வீட்டுக்குப் போயிருப்பாருன்னு..." என்று மேனேஜர் இழுத்தார்.

"ஆமாம்மா. சொன்னேன்" என்றாள் அவள். "சொன்னது தப்பு. ஆனா நான் வெட்டச் சொல்லலை."

ஃபிட்டர் கொஞ்சம் தள்ளி நின்றிருந்தான். அவள் பக்கம் திரும்பவே இல்லை.

முடிவு எல்லாருக்கும் நியாயமாக இருந்தது என்று சொல்ல முடியாது. மேனேஜரை வேலையை விட்டு எடுக்கவில்லை. அவர் முதலாளியம்மாவின் தங்கை வீட்டுக்காரர். டவுனில் இருக்கிற ஆபீசுக்கு மாற்றினார்கள். அங்கே வெட்டுவதற்குப் பூட்டு எதுவும் இல்லை என்று நெட்டை சொன்னான். ஃபிட்டரைத் தூங்கினதற்காக ஒரு திட்டு திட்டி, அடுத்த வாரம் வேலைக்கு வரச் சொன்னார்கள். பூட்டை வெட்டுகிற கத்திரியை முதலாளியம்மா தன் கார் டிக்கியில் போட்டுக்கொண்டு போனார். அவள் பேனல் வேலை வேண்டாமென்று கேட்டுக்கொண்டாள். பவுடரின் வெள்ளையை அளந்து பார்க்கிற சின்ன அறையில் அவளைப் போட்டார்கள். உருளைக்குள் அன்றைக்கு அரைபட்டதையெல்லாம் வாரி ஆலைக்குப் பின்னால் கொட்டிவிட்டார்கள்.

அந்த வாரக் கடைசியில் நாத்தனார் பிள்ளைகளோடு வந்து இறங்கினாள். வீடு நிறையச் சத்தம். அவன் அக்காவோடு பேசினான், பிள்ளைகளோடு மல்லுக்கட்டினான், எதிர்வீட்டுக்காரரோடுகூட உட்கார்ந்து சிரித்தான். அவளிடம் மட்டும் வேண்டியதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. ஆனால் அவள் வைத்த சாப்பாட்டைச் சாப்பிட்டான். தண்ணீர்ச் செம்பு அவள் கைக்கு எட்டாத இடத்தில் இருந்தால் எடுத்துக் கொடுத்தான். அது கோபமா வேறெதுவுமா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. திட்டினாலாவது தேவலை என்றிருந்தது.

அவன் வேலைக்குத் திரும்பின அன்று இருவரும் பஸ்ஸுக்கு நின்றார்கள். மழை வருகிற மாதிரி இருந்தது. அவன் தெருவையே பார்த்துக்கொண்டு சொன்னான்:

"அன்னிலேருந்து யோசிச்சிக்கிட்டே இருக்கேன். கோவம் கோவமா வருது. யார் மேலன்னுதான் தெரியல."

"என் மேலதான்" என்றாள்.

"உன் மேலயும்தான்." அண்ணாந்து மேகத்தைப் பார்த்தான். "பூட்டை வெட்டினவன் மேல, மூடி போட்டவனுங்க மேல. எல்லாத்துக்கும் மேல அந்த மணி மேல வருது. அது அடிச்சா வெளிய இருக்கிறவன்தான் ஒதுங்கிக்கலாம். உள்ள இருக்கிறவனுக்கு என்ன பிரயோஜனம்?" திரும்பி அவளைப் பார்த்தான். "உன் மேல வர்ற கோவம் போகும்னு நினைக்கிறேன். இப்பவே போகலை. நடுவுல நீ ஒண்ணும் கேட்காதே."

"கேட்கலை."

"சண்டை போட்டா போட்டுக்கலாம். பேசாம மட்டும் இருக்க வேண்டாம்."

"இத்தனை நாளா பேசாம இருந்தது யாரு?" என்று கேட்டுவிட்டாள். கேட்டபிறகுதான் பயந்தாள்.

அவன் வாய் ஓரம் கோணிற்று. சிரிப்பா இல்லையா என்று சொல்ல முடியாத ஒரு கோணல். முதல் துளி விழுந்தது. பஸ் வந்து நின்றது. உள்ளே ஒரே நெரிசல். அவன் முன்பக்கம் போகாமல் அவள் பின்னாலேயே ஏறி, அவள் தலைக்குமேல் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.